சமாரெல் அருவிக்கு ‘சிறப்பு அனுமதி’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்! எங்களுக்கு 12,000 மொரீஷியஸ் ரூபாய் போச்சு

மொரீஷியஸ் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என்னென்ன பார்த்துச் செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

தீவின் தென்மேற்கில் உள்ள சமாரெல் அருவியும் பக்கத்திலிருக்கும் ஏழு வண்ண மண்ணும் தனியார் நிலத்தில் இருப்பவை. வாசலில் டிக்கெட் எடுத்தால் அருவி, வண்ண மண், ராட்சத ஆமைகள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் அருவியை மேலே தடுப்புக்குப் பின்னால் நின்று பார்க்க மட்டும்தான் அந்த டிக்கெட். தண்ணீர் சுமார் 100 மீட்டர் கீழே, பள்ளத்துக்குள் விழுகிறது. அடியில் போய் நனைய வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையை வைத்துத்தான் இந்த ஏமாற்றுக்காரர்களின் வியாபாரமே நடக்கிறது.

சுற்றுலா ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஒரு சமூக ஊடகப் பக்கம். “தனியார் நிலம் என்பதால் எல்லாரையும் கீழே விட மாட்டார்கள். உரிமையாளரிடம் எங்களுக்கு மட்டும் அனுமதி இருக்கிறது” என்று போட்டிருந்தார்கள். விசாரித்தேன். பதில் ஆங்கிலத்தில் வரும் என்று நினைத்தால், குரல் பதிவு தமிழில் வருகிறது. “அண்ணா, நீங்க குடும்பத்தோட வர்றீங்க, நான் பாத்துக்கறேன். குழந்தைங்க செருப்பு அளவு மட்டும் அனுப்புங்க, வழுக்காத ஷூ எடுத்து வைக்கிறேன்.” ரூபாய் நோட்டிலேயே தமிழ் அச்சடித்திருக்கும் நாடு அது. அந்த நாட்டில் ஒருவர் நம் பிள்ளைகளின் செருப்பு அளவைத் தமிழில் கேட்டால் மனசு இளகத்தானே செய்யும்? நாலு பேருக்கு 12,000 மொரீஷியஸ் ரூபாய். உரிமையாளருக்கு முன்கூட்டியே கட்ட வேண்டுமாம், அதனால் முழுப் பணமும் வேண்டுமாம். அனுப்பினேன்.

அனுமதிச் சீட்டு என்று ஒரு பிடிஎஃப் வந்தது. எங்கள் நாலு பேர் பெயர், நீல நிறத்தில் வட்ட முத்திரை, முத்திரைக்கு நடுவே அருவிப் படம், கீழே ஒரு க்யூஆர் கோடு. டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் என் போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்த இன்னொருவரிடமும் காட்டினார். “இது நாங்கள் கொடுத்தது இல்லை” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் இப்படி வந்து நிற்பது நாங்கள் முதல் ஆள் இல்லை என்று தோன்றியது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தச் சமூக ஊடகப் பக்கத்துக்கே திரும்பப் போகிறது, அவ்வளவுதான்.

குரல் பதிவு அனுப்பியவனுக்கு போன் போட்டேன். வழிகாட்டி வந்துகொண்டிருக்கிறார் என்றான். அப்புறம், வண்டி போர்ட் லூயிஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். இங்கே வெயில் கொளுத்துகிறது, அவனோ மேலே மழை, உரிமையாளர் அனுமதியை நிறுத்திவிட்டார் என்கிறான்! சரி, பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும் ‘அண்ணா’ போய் ‘சார்’ ஆனது. அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாமாம். பிறகு விதிமுறை என்று ஒரு படத்தை அனுப்பினான், முன்பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில். அதற்குப் பிறகு பதிலே இல்லை. வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம், திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். 12,000 ரூபாய்! வாசலில் மறுபடி டிக்கெட் எடுத்தது தனி. பிள்ளைகள் நீச்சல் உடையை உள்ளே போட்டுக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

புகார் கொடுத்திருப்பதால் பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை. விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. இது மட்டும்: சமாரெல் டிக்கெட்டை வாசலிலேயே எடுங்கள். தனியார் இடத்துக்குச் சிறப்பு அனுமதி என்று யாராவது சொன்னால், அந்த இடத்தின் அலுவலகத்துக்கே பேசிக் கேளுங்கள். தனிநபர் கணக்குக்கு முழுத் தொகை அனுப்பாதீர்கள், முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அருவி பார்ப்பதுதான் ஆசை என்றால் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் அலெக்சாண்ட்ரா அருவி இருக்கிறது. அது அரசு இடம்.

நீல முத்திரையோடு பிடிஎஃப் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், பயண நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.