பிளம்பர் கொட்டேஷன்: சதுரடி ரேட்டா, பாயிண்ட் ரேட்டா, நாள் கூலியா, மெட்டீரியலோடு மொத்தமா?

சொந்தமாக பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறவரிடம் ஹவுஸ் ஓனர் கேட்கும் முதல் கேள்வி, ‘எவ்வளவு ஆகும்?’ இதற்கு நம் ஊரில் நான்கு விதமாகப் பதில் சொல்கிறோம். சதுரடிக்கு இவ்வளவு, பாயிண்டுக்கு இவ்வளவு, எனக்கும் ஹெல்பருக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு, இல்லாவிட்டால் மெட்டீரியலோடு மொத்தமாக இவ்வளவு. எப்படிச் சொன்னாலும் செய்யப்போவது அதே வேலைதான். ஆனால் நடுவில் எதிர்பாராத ஒன்று வந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பது முறைக்கு முறை மாறும். கொட்டேஷன் எழுத உட்காரும்போது முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். தொகை அதற்கு அப்புறம்.

இங்கே நான் போடும் தொகைகள் கணக்கு புரிவதற்காக மட்டும். சென்னை ரேட் வேறு, தஞ்சாவூர் ரேட் வேறு. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சதுரடி ரேட்

பில்டர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் மிகவும் பிடித்த முறை இது. சதுரடிக்கு 45 ரூபாய், வீடு 1,000 சதுரடி, ஆகவே 45,000 ரூபாய். பிளான் கையில் வந்த நிமிடமே விலை சொல்லிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் லைன் ஹாலிலும் பெட்ரூமிலும் ஓடுவதில்லை. பாத்ரூமிலும் சமையலறையிலும்தான் நமக்கு வேலை. இரண்டு பாத்ரூம் உள்ள 1,000 சதுரடி வீட்டுக்கும், மூன்று பாத்ரூம் உள்ள 1,000 சதுரடி வீட்டுக்கும் இந்த முறையில் அதே 45,000 ரூபாய்தான். பெட்ரூமுக்கு ஒரு அட்டாச்டு பாத்ரூம் கேட்கும் காலம் இது. சுவர் எழும்பிய பிறகு ஓனர் ஒரு பாத்ரூமைச் சேர்த்தால், சதுரடி கூடாது, வேலை மட்டும் கூடும். முழுச் செலவும் நம்முடையது.

சதுரடியை அளப்பதிலும் தகராறு உண்டு. போர்டிகோ சேருமா, மாடிப்படி ஹெட்ரூம் சேருமா என்பதை எழுதாமல் விட்டால் கடைசி பில்லின்போது அதுவே பெரிய பேச்சாகிவிடும்.

ஒரே பிளானில் வரிசையாக வீடு கட்டும் பில்டருக்கு இந்த முறை சரியாக வரும். முதல் வீட்டில் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று பார்த்துவிட்டால் அடுத்த வீடுகளுக்குச் சதுரடி கணக்கு கச்சிதமாக நிற்கும். தனி வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பாயிண்ட் ரேட்

தண்ணீர் வந்து விழும் ஒவ்வொரு இடமும் ஒரு பாயிண்ட். வேலை கூடினால் பணமும் கூடும், குறைந்தால் குறையும். ஓனருக்கும் கண்ணால் பார்த்து எண்ணிக்கொள்ள முடியும். புது வீட்டு லேபர் கான்ட்ராக்டுக்கு இதைவிட நியாயமான முறை எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாயிண்ட் என்றால் எது என்று எழுதாத பாயிண்ட் கொட்டேஷனால், சதுரடியைவிட மோசமான சண்டை வரும்.

ஒரு பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். வால் மிக்ஸர், பக்கெட் டேப், கீசர், ஹெல்த் ஃபாசெட், ஃப்ளஷ் டேங்க், வாஷ் பேசின். ஓனர் எண்ணினால் 6. ஆனால் வால் மிக்ஸருக்கு வெந்நீர், தண்ணீர் என இரண்டு லைன் போகிறது. கீசருக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நாம் எண்ணினால் 8. பாயிண்டுக்கு 1,500 ரூபாய் என்றால் ஒரு பாத்ரூமுக்கு 3,000 ரூபாய் வித்தியாசம், மூன்று பாத்ரூமுக்கு 9,000. இரண்டு பேரும் யோக்கியமாகத்தான் எண்ணியிருக்கிறார்கள், ஆனால் கணக்கு தீர்க்கும் நாளில் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று நினைக்கிறார்கள். ‘வால் மிக்ஸர், கீசர் ஒவ்வொன்றும் 2 பாயிண்ட்’ என்று ஒரு வரி போதும், இந்தச் சண்டை வராது.

அடுத்து, பாயிண்டுக்குள் என்னென்ன அடங்கும்? சுவர் வெட்டுவது நாமா, கொத்தனாரா? வெட்டிய இடத்தைப் பூசுவது யார்? கழிவு லைன் அதே பாயிண்டில் சேருமா? நானி ட்ராப் (பாத்ரூம் தரை வடிகால்) வைத்த பிறகு வாட்டர்ப்ரூஃபிங்கும், பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட ஸ்லாபை நிரப்புவதும் யார் வேலை? கான்கிரீட்டில் துளை போட கோர் கட்டிங் ஆளைக் கூப்பிட்டால் கூலி யார் தருவது? சேராதவற்றைத் தனியாக ‘இதில் சேராதவை’ என்று தலைப்பிட்டு எழுதிவிடுங்கள். சேர்ந்தவற்றை எழுதுவதைவிட இந்தப் பகுதிதான் முக்கியம். வீட்டுக்கு வெளியே ஓடும் லைன்களைப் பாயிண்டில் அடக்க முடியாது. சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குப் போகும் லைன், மேலிருந்து இறங்கும் லைன், சேம்பர் வரை போகும் கழிவு லைன் எல்லாவற்றுக்கும் ரன்னிங் ஃபீட் (நீள அடி) கணக்கில் தனி ரேட் போடுவதே முறை. தொட்டி இணைப்பு, மோட்டார் இணைப்பு இரண்டும் எண்ணிக்கைக் கணக்கு.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பாயிண்ட் வேலை இரண்டு தவணையாக நடக்கும். பூச்சுக்கு முன் லைன் இழுப்பது ஒன்று. டைல்ஸ் ஒட்டிய பிறகு வந்து டேப், மிக்ஸர், க்ளோசெட் மாட்டுவது இன்னொன்று. நடுவில் ஓனருக்குப் பணம் தட்டுப்பட்டால் மாதக்கணக்கில் இடைவெளி விழும். அதற்குள் ஹெல்பர் கூலி ஏறிவிடும், சில சமயம் ஓனர் ஃபிட்டிங்குக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அதனால் 1,500 என்று ஒரே எண்ணாகப் போடாமல், லைனுக்கு 1,000, ஃபிட்டிங்குக்கு 500 என்று உடைத்து எழுதுவது நல்லது. லைன் முடிந்து பிரெஷர் டெஸ்ட் (அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பது) காட்டியதும் லைன் பணம் முழுவதும் வந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூசுவதற்கு முன் அழுத்தம் காட்டும் கேஜைப் படமெடுத்து ஓனருக்கு அனுப்பி வைத்தால், பிற்பாடு டைல்ஸ்காரர் பைப்பில் துளை போட்டுவிட்டு நம்மைக் கை காட்டும்போது அந்தப் படம் பேசும்.

நாள் கூலி

புது வீட்டுக்கு நாள் கூலி பேசினால் ஓனர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம் டீ நேரத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார். வேகமாக வேலை செய்கிறவருக்கு அதில் நஷ்டமும்கூட. நான்கு நாள் வேலையை மூன்று நாளில் முடித்தால் ஒரு நாள் கூலி போச்சு.

ஆனால் பழைய வீடு என்றால் கதையே வேறு. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்ட பழைய அபார்ட்மென்டில் ஒரு டேப் மாற்றப் போகிறோம். ரெஞ்ச் போட்டுத் திருப்பினால் துருவேறிய மரை சுவருக்குள்ளேயே ஒடிகிறது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் எல்போவும் அரித்துப் போயிருக்கிறது. டேப் மாற்ற 500 ரூபாய் என்று மொத்தமாகப் பேசியிருந்தால் இப்போது என்ன செய்வது? கசிவு தேடும் வேலையும் இதே போலத்தான். கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் என்கிறார்கள். மேல்வீட்டு நானி ட்ராப்பா, சுவருக்குள் இருக்கும் ஜாயின்டா, மொட்டை மாடி மழைநீரா என்பது திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. தெரியாத வேலைக்கு மொத்த விலை சொல்கிறவர், ஒன்று பயந்து அதிகமாகச் சொல்வார், இல்லை குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் கையைப் பிசைவார்.

ஓனருக்கும் ஒரு நியாயமான பயம் உண்டு: இழுத்துக்கொண்டே போய்விடுவாரோ? அதற்கு மருந்து உச்சவரம்பு. நான் பரிந்துரைப்பது இந்த மாதிரி வாசகம்:

‘பழைய லைனைத் திறந்து பார்க்கும் வேலை: பிளம்பர் 1, ஹெல்பர் 1, நாள் கூலி. 2 நாளில் முடியும் என்று எதிர்பார்க்கிறோம். முடியாவிட்டால் நிலையை உங்களிடம் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே 3-ஆம் நாள் வேலை. திறந்து பார்த்ததும் புது லைனுக்குப் பாயிண்ட் கணக்கில் தனி கொட்டேஷன் தரப்படும்.’

கண்ணுக்குத் தெரியாத பகுதி நாள் கூலியில், தெரிந்த பகுதி பாயிண்டில். பாத்ரூம் ரினவேஷனுக்கு நான் பார்த்தவரை இந்தக் கலப்பு முறைதான் இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லாமல் முடிகிறது. பார்க்கப் போவதற்கான விசிட் சார்ஜையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், வேலை தந்தால் கழித்துக்கொள்ளலாம்.

மெட்டீரியலோடு மொத்தமாக

ஓனருக்கு நிம்மதி, நமக்குப் பெரிய தொகை. ஆனால் நான்கில் அதிக ஆபத்து இதில்தான். பிவிசி, சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) பைப் விலை மூலப்பொருள் விலையோடு ஏறி இறங்கும், கம்பெனி விலைப்பட்டியல் அடிக்கடி மாறும். இன்றைய விலையில் எழுதிக் கொடுத்த கொட்டேஷனுக்கு மூன்று மாதம் கழித்து ‘சரி, ஆரம்பிங்க’ என்று சொல்வார்கள். ‘இந்த விலை 15 நாளுக்குச் செல்லும்’ என்ற வரி இல்லாமல் மெட்டீரியல் கொட்டேஷன் கொடுக்கவே கூடாது.

போட்டிக்கு வந்த இன்னொரு கொட்டேஷன் நம்முடையதைவிடக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் அந்த வித்தியாசம் பைப்பின் தடிமனில் ஒளிந்திருக்கும். ‘சிபிவிசி பைப்’ என்று மட்டும் எழுதினால் அது எஸ்டிஆர் 11-ஆகவும் இருக்கலாம், எஸ்டிஆர் 13.5-ஆகவும் இருக்கலாம். எஸ்டிஆர் என்பது பைப்பின் வெளிவிட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்த எண். எண் சிறியதாக இருந்தால்தான் பைப் தடிமன், அழுத்தமும் அதிகம் தாங்கும். கழிவு லைனுக்குப் போடும் எஸ்டபிள்யூஆர் (சாயில், வேஸ்ட், ரெயின்வாட்டர்) பைப்பில் டைப் ஏ என்பது மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும், டைப் பி என்பது மலக்கழிவுக்கும் குளியலறைக் கழிவுநீருக்கும். டைப் ஏ-வை எல்லா இடத்துக்கும் போட்டு விலையைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் கொட்டேஷனில் ‘சிபிவிசி எஸ்டிஆர் 11, ஐஎஸ் 15778, கழிவு லைன் 110 எம்எம், 75 எம்எம், டைப் பி, ஐஎஸ் 13592’ என்று எழுதிவிட்டு (ஐஎஸ் என்பது இந்தியத் தர எண்), மற்றவரிடமும் இதே விவரத்தைக் கேட்டு ஒப்பிடும்படி ஓனரிடம் சொல்லுங்கள். விலை ஏன் கூட என்பதற்கு அந்த வரியே விளக்கமாகிவிடும்.

பொருளை யார் வாங்குவது என்பதிலும் மூன்று வழி இருக்கிறது. ஓனரே வாங்கினால் நமக்குப் பண ஆபத்து இல்லை, ஆனால் ஒரு எல்போ குறைந்தால் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். நாமே வாங்கி பட்டியல் விலையைப் போட்டுக் கடைக்காரர் தரும் டிஸ்கவுன்டை வைத்துக்கொள்வது இரண்டாவது. ஓனர் அதே கடையில் ஒரு நாள் விலை கேட்டால் அத்தோடு நம் பெயர் கெட்டது. மூன்றாவது, நாமே போய் வாங்கி, பில்லை ஓனர் பெயரில் போட்டு, அலைச்சலுக்கும் வண்டி வாடகைக்கும் 5 அல்லது 10 சதவீதம் என்று கொட்டேஷனிலேயே வெளிப்படையாக எழுதுவது. நான் மூன்றாவதன் பக்கம். பைப் கம்பெனிகள் தரும் கூப்பனும் பரிசுப் பாயிண்டும் நமக்குக் கிடைக்கட்டும், தப்பில்லை. ஆனால் எந்தப் பைப் போடுவது என்பதை அந்தக் கூப்பன் முடிவு செய்யக் கூடாது.

வரிக்கணக்கும் இங்கே நுழைகிறது. தமிழ்நாட்டில் சேவை செய்கிறவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மெட்டீரியலோடு எடுத்தால் பைப் விலையும் நம் வரவாகவே கணக்காகும், அதனால் நான்கைந்து பெரிய வீட்டிலேயே அந்தக் கோட்டை நெருங்கிவிடலாம். பில் ஓனர் பெயரிலேயே போனால் இந்தப் பாரம் இல்லை. பதிவு செய்யாதவர் கொட்டேஷனில் ஜிஎஸ்டி என்று ஒரு வரியைச் சேர்த்துப் பணம் வாங்குவது சட்டப்படி தவறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதில் எழுதிக் கொடுப்பது?

வாய்மொழிப் பேச்சும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். ஆனால் என்ன பேசினோம் என்று நிரூபிக்கத்தான் வழியில்லை. ஆப்பில் போட்ட பிடிஎஃப் லோகோவோடு அழகாக இருக்கும். கம்பெனிக்கும் அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கும் அதுதான் சரி, மூன்று கொட்டேஷனை ஃபைலில் வைக்க வேண்டியவர்கள் அவர்கள். தனி வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பினாலே போதும். சேராதவை, செல்லும் நாள், பணம் தரும் கட்டங்கள் மூன்றும் அதில் இருந்தால், ‘பிளம்பிங் வேலை மொத்தம் 85,000’ என்று ஒற்றை வரியில் நிற்கும் கலர் பிடிஎஃப்பைவிட அது பல மடங்கு மேல். வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து அதைத் தேடி எடுக்கவே முடியாது. ஓனர் ‘ஓகே’ என்று பதில் போட்ட பிறகே அட்வான்ஸ் வாங்குங்கள்.

எந்த முறையில் கொடுத்தாலும் பேரம் வரும். ‘பார்த்துக் குறைச்சுப் போடுங்க தம்பி’ என்பார் ஓனர். சதுரடியிலும் மொத்தத் தொகையிலும் குறைப்பதற்கு நம் கூலி தவிர வேறு எதுவும் இல்லை. பாயிண்ட் கொட்டேஷனில் இருக்கிறது. ரேட்டைத் தொடாமல், பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு எது வேண்டாம் என்று கேளுங்கள். பால்கனி டேப்பை எடுத்தால் 1,500 குறையும். காமன் பாத்ரூம் கீசரை எடுத்துவிடலாம் என்று ஓனர் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். இப்போது லைன் இழுக்காமல் விட்டால் பிற்பாடு டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. லைனுக்கான 2,000 ரூபாயை வைத்துக்கொண்டு, எண்ட் ப்ளக் போட்டு மூடி, மாட்டும் கூலி 1,000 ரூபாயை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கீசரை அவர் அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம்.