மங்கோலியக் கூடாரம் வாங்க ஆசைப்பட்டு 6,40,000 ரூபாயைத் தொலைத்தேன்

நேற்று சாயங்காலம்தான் மூட்டைகளைப் பிரித்தோம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 6,40,000 ரூபாய்.

கொடைக்கானலில் எங்கள் விடுதித் தோட்டத்தில் ஒரு மங்கோலியக் கூடாரம் போட ஆசை. நாமெல்லாம் யர்ட் என்கிறோம், அவர்களுக்கு அது ‘கெர்’. விரித்து மடக்கும் மரச்சட்டச் சுவர், உச்சியில் வண்டிச் சக்கரம் மாதிரி ‘டோனோ’, இரண்டையும் இணைக்கும் கழிகள், மேலே ஆட்டு ரோமக் கம்பளம்.

வெளிநாட்டு வியாபாரிகளைப் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் ஆள் கிடைத்தார். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் பட்டறை, ஆறு மீட்டர் அகலம், 81 கழி என்றார். நான் தயங்கியதும் வீடியோ காலில் வந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர். உப்புப் போட்ட பால் டீயைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். டோனோ வழியாக வெயில் இறங்கி ஆரஞ்சு நிறக் கழிகளில் விழுந்துகொண்டிருந்தது. பெரியவர் ஒட்டகத் தோல் வாரைச் சட்டத்தில் கோத்து, இழுத்து, முடிச்சுப் போட்டுக் காட்டினார். அந்த முடிச்சில் விழுந்தவன்தான் நான். அவர் யார் வீட்டு கெர்ருக்குள் உட்கார்ந்திருந்தாரோ!

தளத்துக்கு வெளியே கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடியாம். “ஏங்க, அந்தத் தளத்துலயே கட்டிடுங்க” என்று வீட்டில் சொன்னாள். பட்டறைக்கு ஒரு பெயர், கணக்குக்கு வேறு பெயர், கணக்கு ஹாங்காங்கில். பேங்க் மேனேஜரே கேட்டார். “ஏற்றுமதிக் கம்பெனின்னா அப்படித்தான் சார்” என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

பணம் போனது மே மாதம். ஆகஸ்டில் கேட்டால் ‘நாடம் திருவிழா லீவு’, அது மங்கோலியாவின் தேசியத் திருவிழா. நாடம் ஜூலை 11 முதல் 13 வரை! அடுத்து எல்லையில் ரயில் நெரிசல். மங்கோலியாவுக்குக் கடல் கிடையாது, ஜமீன்-உட் எல்லை தாண்டி சீனாவின் தியான்ஜின் துறைமுகத்துக்குப் போகணும், எல்லையில் தண்டவாள அகலமே மாறும். அதனால் இதையும் நம்பினேன். சரக்கு சென்னை வந்ததும் பேப்பரைப் பார்த்தால், தயாரிப்பு நாடு சீனா. தாண்டாத எல்லையில் என்ன நெரிசல்? உள் மங்கோலியா சீனாவில்தான் இருக்கிறது, அங்கேயும் நல்ல கெர் செய்கிறார்கள், அதில் குறையில்லை. எனக்குச் சொன்னது உலான்பாத்தர்.

சாட்டில் ‘வீடு வரை டெலிவரி’, இன்வாய்ஸில் ‘சிஐஎஃப் சென்னை’. சிஐஎஃப் என்றால் துறைமுகத்தோடு அவர் செலவு முடிந்தது. மரத்துக்கான தாவர நலச் சான்றிதழின் ஒரிஜினல் வர 19 நாள். “ஆர்டருக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்” என்றார் சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட். டெமரேஜ் (சரக்கு துறைமுகத்தில் தேங்கியதற்கான கட்டணம்), வரி, லாரி எல்லாம் 6,40,000-க்கு மேலே தனி.

பிரித்தால் கழி 73. தோல் வாருக்குப் பதில் நைலான் கயிறு. கம்பளத்தில் ஒரு பிசிர் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டினேன். ஆட்டு ரோமமென்றால் முடி கருகும் நாற்றம் வரும், நசுக்கினால் பொடியாகும். இது உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பிளாஸ்டிக்.

வியாபாரியைக் கேட்டால் ‘இது புது ரகம், இன்னும் நல்லது’ என்றார். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். தளத்துக்கு நான்கு தடவை எழுதினேன், ‘பரிவர்த்தனை எங்கள் தளத்துக்கு வெளியே நடந்துள்ளது’ என்று நான்கு தடவையும் அதே பதில். பேங்க், நீங்களே கையெழுத்துப் போட்டீர்களே என்கிறது.

விவரமாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். கம்பளத் துண்டு ஒன்றை முதலில் கூரியரில் வரவழைத்துக் கொளுத்திப் பாருங்கள். கிளியரிங் ஏஜென்டிடம் முதலிலேயே பேசுங்கள். அசல் ரோமமே ஆனாலும் அது வறண்ட புல்வெளிக்குச் செய்தது, நம் மலை ஈரத்தில் பூசணம் பூக்கும், இதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

தூறல் ஆரம்பித்துவிட்டது. வாசலில் 6,40,000 ரூபாய் நனைகிறது, தார்ப்பாய் எங்கே என்று பார்க்கிறேன்.