2,400 யூரோ போச்சு: பிரெஞ்சுப் பளிங்கு ஜாடி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

பாரிஸில் பழைய பொருள் வாங்கும் ஆசை உள்ளவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எதையெல்லாம் சோதித்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது.

போன மாதம் ஒரு பழம்பொருள் கடையில் ஒரு ஜோடி ஜாடி பார்த்தேன். வெள்ளைப் பளிங்கு, ஆட்டுத்தலைக் கைப்பிடி, பூச்சரம். உலோகமெல்லாம் தங்க முலாம் பூசிய வெண்கலம், பதினாறாம் லூயி காலத்தது, 1780 வாக்கில் செய்தது என்றார் கடைக்காரர். காபி கொடுத்து உட்கார வைத்து, அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்கலத்தில் பூசிச் சூடு காட்டுவார்கள், பாதரசம் ஆவியாகிப் போக தங்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், அந்த ஆவியைச் சுவாசித்தே தொழிலாளிகள் உடம்பு கெட்டுப் போனார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் அப்படியே நம்பிவிட்டேன். இவ்வளவு தெரிந்த மனிதர் பொய் சொல்வாரா? 2,400 யூரோவை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு வருடச் சேமிப்பு.

வீட்டில் துடைக்கும்போது அடிப்பக்கம் ஒரு கீறல். வெண்கலம் என்றால் உள்ளே மஞ்சளாகத் தெரியும், இது சாம்பல் நிறம். வெண்கல வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பார்த்ததுமே 'ரெகுல்' என்றார், துத்தநாகக் கலவை. ஜாடியின் நடுவில் ஓடும் கம்பியில் இருந்ததும் மெஷினில் செய்த புது நட்டு.

கடைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனால் அடுத்த வாரம் வாருங்கள். அடுத்த வாரம் போனால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள் மேடம், பில்லைப் படியுங்கள்." படித்தேன். 'ஸ்தில் லூயி 16' என்றிருந்தது. வெண்கலம் என்ற சொல்லே இல்லை, 'தங்கமுலாம் பூசிய உலோகம்' என்று மட்டும். 'எபோக்' என்று எழுதினால் அந்தக் காலத்துப் பொருள் என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார், 1981ஆம் வருட அரசாணை அப்படி. 'ஸ்தில்' என்றால் அந்தப் பாணியில் செய்தது, அவ்வளவுதான். என்னிடம் வாயால் சொன்னது எபோக், எழுதிக் கொடுத்தது ஸ்தில். இணையத்தில் ஒரு கடையிடம் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் திருப்பியிருக்கலாம், நேரில் வாங்கியதற்கு அதுவும் கிடையாது. 2,400 யூரோ!

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். நட்டைப் பாருங்கள். காசு கொடுக்கும் முன் பில்லில் 'எபோக்' என்றும் வெண்கலம் என்றும் எழுதச் சொல்லுங்கள், இழுத்தடித்தால் கிளம்பிவிடுங்கள். நான் நாளைக்குப் பதிவுத் தபால் அனுப்புகிறேன், அதற்கும் என்ன சொல்கிறார் பார்ப்போம்.