410 குதிரைகள், மணிக்கு 30 கிலோமீட்டர்

பி.எம்.டபிள்யூ எம்2 காம்பெடிஷனை ஓட்டிவிட்டு இறங்கியதும் எனக்கு முதலில் வந்த எண்ணம், இன்னும் சாப்பிடவில்லையே என்பதுதான். 410 குதிரைத்திறன் காரிலிருந்து இறங்குகிறவனுக்குக் கை நடுங்க வேண்டும், வாய் உலர வேண்டும் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். எனக்கு மசால் தோசை ஞாபகம் வந்தது. கூட வந்த மச்சினன் ஓசூர்க்காரன், எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவன். "என்ன மாமா, இவ்வளவுதானா?" என்று சத்தமாகவே கேட்டான். பக்கத்தில் நின்ற விற்பனையாளருக்குத் தமிழ் தெரியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெங்களூரில் இது ஒரு தொல்லை.

இந்த இரண்டு மாதத்தில் நான்கு பழைய கூபேக்களை, அதாவது இரண்டு கதவுக் கார்களை, ஓட்டிப் பார்த்தேன். எம்2 காம்பெடிஷன், ஆடி டிடி, ஃபோர்டு முஸ்டாங் ஜிடி, போர்ஷே 718 கேமன். பொருந்தாத கூட்டம்தான், அதிலும் டிடி மற்ற மூன்றைவிட எவ்வளவோ மலிவு. ஆனாலும் 'வாழ்க்கையில் ஒரு தடவை ஆசைக்கு ஒரு கார்' என்று தேட ஆரம்பிக்கிறவன் கண்ணில் இந்த நான்கும் மாறி மாறிப் பட்டுக்கொண்டே இருக்கும். நான் அன்றாடம் ஓட்டுவது 2017 கடைசியில் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு இல்லை. அலுவலகத்தில் இந்த ஜோக்கை எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.) இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் ஏமாற்றத்தில் பாதிக்கு அந்தக் கார்தான் காரணம்.

எம்2விலிருந்தே தொடங்குகிறேன். எண்களைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2019 நவம்பரில் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 79.9 லட்சம். மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 550 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நின்ற இடத்திலிருந்து 100ஐத் தொட 4.2 நொடி. என் ஆக்டேவியாவுக்கு 6.8 நொடி ஆகும். அதாவது இது வேறு ஜாதிக் கார், அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் நான் ஓட்டியது சனிக்கிழமை காலை 11 மணிக்கு, ரெசிடென்சி ரோட்டில். முதல் பத்து நிமிடம் ஒரு சிட்டி பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்கள் எல்லாமே ஊர்ந்து போகும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இதுவும் பிடித்தது. கடைசியில் ஒரு சிக்னல் தாண்டிக் கொஞ்சம் காலி இடம் கிடைத்தது. மிதித்தேன். போனது. இரண்டாவது கியர் முடிவதற்குள்ளேயே நகரத்தின் வேக வரம்பு தாண்டிவிட்டது, முன்னால் ஒரு ஆட்டோ, காலை எடுத்துவிட்டேன். மொத்தம் மூன்று நொடி. 'சார், ஸ்லோ, ஸ்லோ' என்று விற்பனையாளர் சொல்ல ஆரம்பித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மூன்று நொடியும் ஏன் உறைக்கவில்லை என்று அப்புறம் யோசித்தேன். நம் உடம்பு வேகத்தை உணர்வதில்லை, வேகம் மாறுவதைத்தான் உணர்கிறது. அதிலும் சட்டென்று மாறினால்தான் வயிற்றில் ஏதோ செய்யும். பழைய டீசல் கார்கள் 2,000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) வரை தூங்கிவிட்டுத் திடீரென்று முதுகில் ஒரு குத்து விடும். அதைப் பயங்கர வேகம் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். எம்2 குத்துவதில்லை. 2,350 ஆர்பிஎம்மிலிருந்து 5,200 வரை ஒரே இழுவிசை, சமமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. லிஃப்டில் இருபது மாடி ஏறுவதற்கும் ராட்டினத்தில் இருபது அடி ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம். லிஃப்ட்தான் உயரமாகப் போகிறது, ஆனால் யாரும் லிஃப்டில் கூச்சல் போடுவதில்லை.

இது ஒரு பாதி. இன்னொரு பாதியை எடுத்துக் காட்டியவர் ஜே.சி. ரோடு பக்கம் கடை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணன். நான் எடுத்து வந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், டயர் படத்தில் நிறுத்திப் பெரிதாக்கினார். பக்கச் சுவரில் 3519 என்று நான்கு இலக்கம். 2019ஆம் ஆண்டு 35ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். கார் ஓடியது வெறும் 11,000 கிலோமீட்டர், அதனால் டயரின் மேல்பட்டன் தேயாமல் புதுசு போலத்தான் இருந்தது. "ரப்பர் எலும்பாயிருக்கும் சார். நீங்க எம்2வை ஓட்டல, ஆறு வருஷத்து டயரை ஓட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார்.

பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கும்போது நாம் சறுக்குகிற இடம் இது. கிலோமீட்டர் குறைவு என்றால் சந்தோஷப்படுகிறோம். அந்தக் கார் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் உறை போட்டு நின்றிருக்கும். டயர் இறுகிப்போகும், சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்கள் காய்ந்துபோகும், பேட்டரி இரண்டு தடவை உயிர்விட்டுப் பிழைத்திருக்கும். பத்திரிகைக்காரர்கள் ஓட்டி மெய்சிலிர்த்த கார் வேறு, ஆறு வருடம் கழித்து நம் கையில் கிடைக்கிற கார் வேறு. எம்2வில் முன்னால் 245, பின்னால் 265 அகலம். முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுச் சமாளிக்க முடியாது, நான்கையும் வாங்கியே ஆக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். ஸ்டெப்னியும் கிடையாது.

ஆடி டிடிக்கு அதிக இடம் தர மனமில்லை. காரணம் காரில் இல்லை, என்னிடத்தில். ஆடியும் ஸ்கோடாவும் ஒரே ஃபோக்ஸ்வேகன் குழுமம். அதில் இருப்பது அந்தக் குழுமத்தின் ஈ.ஏ.888 குடும்பத்து 1,984 சிசி டர்போ எஞ்சின், 230 குதிரைத்திறன். என் ஆக்டேவியாவின் பானெட்டுக்குள் இருப்பதும் அதே குடும்பம், அதே 1,984 சிசி, அதே 230. அடித்தளமும் இரண்டுக்கும் ஒன்றுதான். டிடியில் நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன, எடை குறைவு, அதனால் 100ஐ எட்ட 5.3 நொடி போதும். ஏசி துவாரத்தின் நடுவிலேயே ஏசி பட்டனை வைத்திருக்கும் அழகுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஓட்டிய இருபது நிமிடமும், என் கார் சட்டை மாற்றிக்கொண்டு வந்து என்னிடமே 'சார், யாரு வேணும்?' என்று கேட்பது மாதிரியே இருந்தது. ஸ்விஃப்டிலிருந்தோ கிரெட்டாவிலிருந்தோ இறங்கி இதில் ஏறுகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அவர்களுக்கு இந்த நான்கில் புத்திசாலித்தனமான கார் இதுதான்.

முஸ்டாங் வேறு கதை. வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் உரிமையாளரே ஸ்டார்ட் செய்து காட்டினார். ஐந்து லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், டர்போ கிடையாது. கான்கிரீட் கூரைக்குக் கீழே அது உறுமிய உறுமலில் இரண்டு மூன்று ஸ்கூட்டர்களின் அலாரம் அடித்தது. மச்சினன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான். கார் இன்னும் ஓர் அங்குலம் கூட நகரவில்லை, கவனியுங்கள்.

2016இல் 65 லட்சத்துக்கு வந்த கார். அமெரிக்காவில் இதற்கு 435 குதிரைத்திறன், நம் பெட்ரோலுக்கு ஏற்றபடி இங்கே 400க்குப் பக்கத்தில் குறைத்துக் கொடுத்தார்கள். எம்2வோடு ஓடவிட்டால் தோற்கும். ஆனால் வைட்ஃபீல்டு நெரிசலில், மணிக்கு 30 கிலோமீட்டரில், எது ஜெயிக்கும்? டர்போ இல்லாததால் ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்த கணமே எஞ்சின் பதில் சொல்கிறது. சிக்னலில் நிற்கும்போதே இருக்கை லேசாக அதிர்கிறது. முன்னால் நீண்டு கிடக்கும் பானெட்டைப் பார்த்துக்கொண்டு போவதே ஒரு பொழுதுபோக்கு. அவசரமே இல்லாமல் ஒரு காரை ரசிக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொல்லைகளும் அதே அளவுக்குப் பெரியவை. அகலம் 1,916 மில்லிமீட்டர், நீளம் 4.78 மீட்டர். கூபேக்கு இரண்டே கதவு என்பதால் ஒவ்வொன்றும் வாசற்கதவு மாதிரி. எங்கள் அல்சூர் அபார்ட்மென்ட்டில் இரண்டு தூண்களுக்கு நடுவே நிறுத்தினால் சன்னல் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஹம்ப்ஸில் குறுக்காக ஏற்றி இறக்கினேன், அப்படியும் அடியில் ஒரு தடவை உரசியது, எனக்கு வயிறு பிசைந்தது. யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் 2017 ஜனவரியில் முதலில் இதற்குக் கிடைத்தது ஐந்துக்கு இரண்டே நட்சத்திரம் என்பதை வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. உதிரிபாகம் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரிக்காமல் இதில் கை வைக்கக் கூடாது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். அலுவலக நண்பர் ஒருவர் பி.ஒய்.டி. சீல் வைத்திருக்கிறார், பெரிய மாடல். மின்சாரக் கார், நான்கு கதவு, பின்னால் குழந்தை இருக்கை. 2024இல் 53 லட்சத்துக்கு வந்தது. 100ஐ எட்ட 3.8 நொடி. எம்2வைவிட வேகம், சத்தமில்லாமல். மாரத்தஹள்ளி பக்கம் ஒரு தடவை என்னை ஏற்றிக்கொண்டு மிதித்தார், கையிலிருந்த காபி என் சட்டைக்கு வந்துவிட்டது. நேர்க்கோட்டில் முதுகைச் சாய்க்கிற சுகத்துக்காகப் பழைய பெட்ரோல் கூபே தேடுகிறவர்கள் நேராக அங்கே போய்விடலாம். நான்கு கூபேக்களில் எதுவும் எனக்கு அந்த அதிர்ச்சியைத் தரவில்லை. இனி தரவும் தராது என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் இந்தக் கார்களை எதை வைத்து ஒப்பிடுவது? மைசூர் நெடுஞ்சாலையில் 100க்கு மேல் போனால் கேமரா இருக்கிறது. நகரத்துக்குள் 30, 40 தாண்டினால் அதிர்ஷ்டம். ஆகவே நான் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டேன்: 40 கிலோமீட்டரில் இந்தக் கார் என்னோடு பேசுகிறதா? எம்2 பேசவில்லை, அது 140இல்தான் வாய் திறக்கும் போலிருக்கிறது. டிடி எனக்கு ஏற்கெனவே தெரிந்ததையே பேசியது. முஸ்டாங் நிற்கும்போதே பேசியது, கொஞ்சம் அதிகமாகவே.

கேமனை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஓட்டினேன். இரண்டே இருக்கை, ஒன்றில் விற்பனையாளர், ஆகவே மச்சினனை வாசலில் விட்டுவிட்டுப் போனேன். 2017இல் 81 லட்சத்துச் சொச்சத்துக்கு வந்த 718. இரண்டு லிட்டர் டர்போ, நான்கு சிலிண்டர், 300 குதிரைத்திறன். எம்2வைவிட 110 குறைவு. சத்தத்தில் மயங்கி வாங்குகிற காரும் இல்லை. இதற்கு முந்தைய கேமனில் ஆறு சிலிண்டர் பாடியது. இதில் பழைய பீட்டில் காரைப் போலக் கிடைமட்டமாகப் படுத்த நான்கு சிலிண்டர், குரலிலும் அந்த உறவு தெரிகிறது. ஸ்டார்ட் செய்தபோது, சரி, இன்றைக்கும் இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கஸ்தூர்பா ரோட்டு வளைவில் திருப்பியபோதுதான் தெரிந்தது. எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. கனமெல்லாம் நடுவில். அதனால் மூக்கு முதலில் திரும்பி உடம்பு அப்புறம் வருவது என்பதே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் நகர்த்தினால் கார் முழுவதும் நம் இடுப்பைச் சுற்றித் திரும்புகிறது. இதற்கு 140 வேண்டாம். 35 போதும். அல்சூர் ஏரியைச் சுற்றி, 18 வருடம் மூடிக் கிடந்து 2009இல் திறந்த வள்ளுவர் சிலையைத் தாண்டி, கடைக்குத் திரும்ப வேண்டிய முனையில் நான் திரும்பவில்லை. விற்பனையாளர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும், விலையில் இனி குறைக்க வேண்டியதில்லை என்று.

அகலம் 1,801 மில்லிமீட்டர், முஸ்டாங்கைவிட அரைச் சாண் குறைவு. எங்கள் தூண்களுக்கு அந்த அரைச் சாண்தான் கணக்கு. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, ஓசூர் மாமியார் வீட்டுப் பலகாரம் தாராளமாகக் கொள்ளும். பையனை எங்கே உட்கார வைப்பது என்று மனைவி கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஆக்டேவியாவை விற்கப் போவதில்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

சிக்கல் ஒன்று உண்டு, வண்டி டெல்லிப் பதிவு. கர்நாடகத்தில் ஓராண்டுக்கு மேல் ஓட்டினால் இங்கே வாழ்நாள் வரி கட்டியாக வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார் என்றால் அது 18 சதவீதம், பழைய காருக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். வெளி மாநில எண்ணோடு வரியைத் தள்ளிப்போட்ட சொகுசுக் கார்களைப் போக்குவரத்துத் துறை பிடித்து நிறுத்திய செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. டெல்லியிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் வராமல் முன்பணம் தருவதாக இல்லை.

வரும் சனிக்கிழமை மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைத் தூக்கிப் பார்க்கப் போகிறோம். டயரின் பக்கச் சுவரை இந்தத் தடவை நானே குனிந்து பார்த்துவிட்டேன். பின்னால் இரண்டும் போன வருடத்தது, முன்னால் இரண்டும் 2019. அதைச் சொல்லி எவ்வளவு அடிக்கலாம் என்று மச்சினன் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான், நடுநடுவே முஸ்டாங் போயிடுச்சா என்றும் கேட்டுக்கொள்கிறான்.