1 டன்னா, 1.5 டன்னா? வளவு வீட்டு அறையும் புது வீட்டு மாடி அறையும்

காரைக்குடிப் பக்கம் ஏசி வாங்கப் போனால் அறையின் நீள அகலத்தைக் கேட்டுவிட்டு அடுத்து உயரத்தைக் கேட்பார்கள். பழைய வீடு, 14 அடி என்றால் “ஒன்றரை டன் போட்டுருங்க”. புது வீடு, 10 அடி என்றால் “1 டன் போதும்”. பெரும்பாலும் இது தலைகீழாக இருக்க வேண்டும்.

இரண்டும் 10க்கு 12 அறை என்று வைத்துக்கொள்வோம். பழையதில் 1,680 கன அடி காற்று, புதியதில் 1,200. கூடுதலாக இருக்கும் 480 கன அடி, எடையில் சுமார் 16 கிலோதான். அதை 34 டிகிரியிலிருந்து 26க்கு இறக்க, ஈரத்தை உறிஞ்சும் வேலையையும் சேர்த்தே, 1 டன் மெஷினுக்கு இரண்டு நிமிடம் போதும். ராத்திரி முழுக்க ஏசியை ஓட வைப்பது, சுவரும் கூரையும் விடாமல் உள்ளே அனுப்பும் சூடு.

பழைய வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கீழறைக்கு நேர் வெயில் கிடையாது. முன்னால் தாழ்வாரம், மேலே மாடி, தடித்த காரைச் சுவர், காலடியில் ஆத்தங்குடிக் கல். தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தை மாற்றிக்கொள்ளும் 1 டன் இன்வெர்ட்டர் ஏசி தாராளம். சுவர் பிடித்து வைத்திருக்கும் சூடு இறங்க மட்டும் நேரமாகும். படுக்க ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான் பலர் மெஷின் பத்தவில்லை என்று முடிவுகட்டுகிறார்கள்.

மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் புது அறை வேறு கதை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நடுராத்திரி நெருங்கும்வரை சூட்டைக் கக்கும். மேற்கே ஜன்னலும் இருந்தால் சித்திரை, வைகாசியில் 1 டன் ஓய்வில்லாமல் ஓடும். இங்கே 1.5 டன் எடுங்கள். மேலே வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டிய வீடானால் 1 டன்னை யோசிக்கலாம்.

“எதுக்கும் இருக்கட்டும்” என்று 2 டன் போடுவது இரண்டு அறைக்குமே கெடுதல். இன்வெர்ட்டர் இல்லாத மெஷினாக இருந்தால் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் வடிய நேரமில்லை. அறை சில்லென்று இருக்கும், போர்வை பிசுபிசுக்கும்.

ஹாட் அண்ட் கோல்டு மாடல் வேண்டாம். மார்கழியிலும் இங்கே அதற்கு வேலையில்லை. அந்தப் பணத்தை 5 ஸ்டாருக்குப் போடுங்கள்.

பழைய வீட்டில் டன்னைவிட மாட்டும் இடம் முக்கியம். உயரமான சுவர்தானே என்று 12 அடியில் மாட்டினால், மேலே தேங்கும் சூட்டுக் காற்றையே மெஷின் இழுக்கும். சென்சார் அதையே அறையின் வெப்பம் என்று எடுத்துக்கொள்ளும், கம்ப்ரசர் வேகம் குறையவே குறையாது. ஏழரை, எட்டு அடியில் மாட்டச் சொல்லுங்கள். கதவுக்கு மேலே இருக்கும் கம்பி வெண்டிலேட்டரைக் கண்ணாடி வைத்து அடையுங்கள். நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடுக்கு இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அவுட்டோர் யூனிட்டை வளவுக்குள் வைக்காதீர்கள், அது விடும் அனல் தாழ்வாரத்திலேயே சுற்றும். பைப்புக்கான ஓட்டையைச் சுத்தியலால் உடைக்கவிடாமல், கோர் கட்டிங் மெஷினால், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக வரும்படி போடச் சொல்லுங்கள். காரைப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தால் அதே மாதிரி திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம்.

சுவரில் அடித்த மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய வயரில் ஏசியைக் கொடுக்கவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி, சரியான எர்த். இதை முடித்த பிறகு மெஷினை வாங்குங்கள்.