மூணு வருஷமா கன்ஜுரர் ஓட்டுறேன்: தங்கத்த விட கயிறு தான் உசத்தி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு, ஆளுக்கொரு கேரக்டரா கதைக்குள்ள போய் ஆடுற கேம், அதோட அஞ்சாவது எடிஷன்ல (2014 ரூல்ஸ், 2024 புக்குக்கு எங்க குரூப் இன்னும் மாறல) ஒரே கேரக்டர மூணு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். கன்ஜுரேஷன் விசார்டு (சுருக்கமா கன்ஜுரர்), அதாவது பொருள வரவழைக்குற மந்திரவாதி, இப்ப லெவல் 11. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல நாலு பேரு, டிஎம்மோட (கதைய நடத்தி ரூல் சொல்றவன்) சேத்து அஞ்சு. விசார்டுன்னாலே ஃபயர்பால் (நெருப்புக் குண்டு மந்திரம்) தான்னு எல்லாரும் ஓடுவாங்க, எனக்கு என்னவோ வெறும் மந்திர சக்திய கைல புடிச்சு ஒரு பொருளா மாத்துறவன் ஆகணும்னு ஆசை. அந்த ஆசை எவ்ளோ தூரம் பலிச்சுதுன்னு தான் எழுதுறேன்.

மொதல்ல லெவல் 2ல கெடைக்குற மைனர் கன்ஜுரேஷன். ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தன மந்திரம் தான்னு இருக்குற கணக்கு) செலவு கெடையாது, ஒரு ஆக்‌ஷன், எத்தன தடவ வேணா பண்ணலாம். மூணு அடிக்கு மூணு அடி, பத்து பவுண்டு, அதாவது நாலரை கிலோவுக்குள்ள, மந்திரம் இல்லாத சாதா பொருள், உயிர் இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் இருக்கும். கைலயே வரும் இல்ல பத்தடிக்குள்ள தரைல வரும். முக்கியமா நீங்க கண்ணால பாத்த பொருளா இருக்கணும், நீங்கன்னா நீங்க இல்ல, உங்க கேரக்டர். தண்ணி இறைக்க ஒரு சைக்கிள் பம்ப் கேட்டேன், "உன் ஆளு சைக்கிள எந்த ஊர்லடா பாத்தான்"னு டிஎம் ஒரே கேள்வில முடிச்சிட்டான்.

இதுல ரெண்டு கடுப்பு. ஒண்ணு, உருவாக்குன பொருள் லேசா ஒளிரும், சுத்தி அஞ்சடிக்கு மங்கலா வெளிச்சம் அடிக்கும், ராத்திரி திருட்டு வேலைக்கு எடுத்துட்டு போனா நம்மளே நம்மள காட்டிக் குடுத்த மாதிரி. இன்னொண்ணு, அது அடி வாங்குனாலும் அடி குடுத்தாலும் உடனே காணாம போயிடும், அதனால கத்தி கட்டாரின்னு கனவு காணாதீங்க.

புதுசா ஒண்ணு உருவாக்குனா பழசு மறைஞ்சிடும்னு ஒரு ரூல் இருக்கு. ஆறு மாசம் அத குறைன்னு தான் நெனச்சிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு செஷன், சுரங்கத்துக்குள்ள கோப்ளின் கூட்டம் தொரத்துது, நடுவுல மேலேர்ந்து எறங்குற இரும்புக் கம்பி கேட் ஒண்ணு. எங்க பார்பேரியன் (முரட்டு சண்டைக்கார கேரக்டர்) தம் புடிச்சு அத தூக்க, அடில நான் ஒரு ஓக் கட்டைய உருவாக்கி முட்டு குடுத்தேன், எல்லாரும் குனிஞ்சு அந்தப் பக்கம் ஓடிட்டோம். அறுபது அடி தள்ளி நின்னு திரும்பிப் பாக்குறேன், மொத மூணு கோப்ளின் கேட்டுக்கு நேர் கீழ. "ஒரு ஸ்பூன் உருவாக்குறேன்"னேன். டேபிள்ல அஞ்சு செகண்ட் சத்தமே இல்ல. ஸ்பூன் கைல வந்துச்சு, கட்ட மறைஞ்சுது, கேட் எறங்குச்சு. கேட்டோட கனத்துலயே கட்டைக்கு டேமேஜ் ஆகியிருக்காதான்னு அப்புறமா அரை மணி நேரம் சண்ட, டிஎம் "இந்த ஒரு தடவ விட்டுடுறேன்"னான். அன்னிலேர்ந்து நான் எங்க போனாலும் எதுக்காவது முட்டு குடுத்துட்டு தான் போறேன்.

அடுத்து லெவல் 9ல வந்த கிரியேஷன், அஞ்சாம் லெவல் ஸ்பெல், அதாவது மந்திரம் (ஆளோட லெவல் வேற, ஸ்பெல்லோட லெவல் வேற). நிழல் உலகத்துலேர்ந்து நிழல இழுத்து அஞ்சடி கனசதுரத்துக்குள்ள அடங்குற பொருளா ஆக்குறது. கடுப்பேத்துற விஷயம் என்னன்னா இது இல்யூஷன் (மாயத்தோற்றம்) ஸ்கூல், கன்ஜுரேஷன் ஸ்பெல்ல என் மந்திர புக்ல எழுத எனக்கு பாதி செலவு தான், ஆனா பொருள் பண்றதுக்குன்னே இருக்குற இந்த ஸ்பெல்லுக்கு முழுசா 250 தங்கம், பத்து மணி நேரம் அழுதேன். சொல்லி முடிக்கவே ஒரு நிமிஷம், சண்ட நடுவுல நெனச்சுக் கூட பாக்காதீங்க. லெவல் 9ல அந்த ஸ்லாட் ஒண்ணே ஒண்ணு, ஆர்க்கேன் ரெகவரில (செலவான ஸ்லாட்ட மீட்குற விசார்டு திறமை) திரும்ப எடுத்தா ஒரு நாளைக்கு ரெண்டு தடவ.

இதோட சூட்சுமம் நேரத்துல இருக்கு. மரம், கயிறு, துணின்னா ஒரு முழு நாள். கல்லு, பளிங்கு 12 மணி நேரம். தங்கம் வெள்ளி ஒரு மணி நேரம். ரத்தினம் பத்து நிமிஷம். மித்ரில், அடமன்டைன்னு கதைல வர்ற அபூர்வ உலோகம் ஒரே நிமிஷம். வெல ஏற ஏற ஆயுசு கொறையுது. சாதா இரும்பு எதுல சேரும்னு அந்த லிஸ்ட்லயே இல்ல, எங்க டேபிள்ல கல்லோட சேத்து 12 மணின்னு வச்சிக்கிட்டோம்.

நானும் தங்கத்துல தான் ஆரம்பிச்சேன். ஆத்துல படகுக்காரனுக்கு ஒரு தங்கக் கட்டிய கூலியா குடுத்தேன், அவன் வாயெல்லாம் பல்லு. அக்கரைக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கேக்க எனக்கு தோணல. டிஎம் சிரிச்சுக்கிட்டே "மூணு மணி நேரம்"னான். நடு ஆத்துல அவன் மடிய தடவிப் பாத்த சீன இன்னிக்கும் குரூப்ல சொல்லிக் காட்டுவாங்க. நீச்சல் தெரியாத கிளெரிக் (எங்க குரூப் பூசாரி கேரக்டர்) மட்டும் ரொம்ப நாள் என்கூட சரியா பேசல.

அதே கிளெரிக் தான் இன்னொரு நாள், பார்பேரியன் செத்து விழுந்தப்ப, ரிவிவிஃபைக்கு (செத்தவன எழுப்புற ஸ்பெல்) 300 தங்கம் பெறுற வைரம் இல்லாம என்னப் பாத்து "டேய் வைரம் ஒண்ணு பண்ணுடா"ன்னு கத்துனான். பண்ண முடியாது. கிரியேஷன்ல வந்த பொருள இன்னொரு ஸ்பெல்லுக்கு காம்பொனன்ட்டா (ஸ்பெல் போட தேவைப்படுற பொருளா) போட்டா அந்த ஸ்பெல் ஃபெயில்னு தெளிவா எழுதியிருக்கு, அது இல்லன்னாலும் ரிவிவிஃபைய செத்து ஒரு நிமிஷத்துக்குள்ள போடணும், எனக்கு வைரம் பண்ணவே ஒரு நிமிஷம் வேணும். பார்பேரியன் போனவன் போனவன் தான், அவன ஆடுன பையன் இப்ப ரேஞ்சர்னு வேற கேரக்டர் ஆடுறான்.

அதுக்கப்புறம் நான் பெருசா பண்ணது எல்லாமே மரமும் கயிறும் தான். பள்ளத்துக்கு ஏணி, மழைக்கு கூடாரத் துணி, ஒரு தடவ ராஜா வீட்டு விருந்துக்கு போட்டுக்க பட்டு அங்கி (நாலு பேருக்கும் இல்ல, எனக்கு மட்டும்).

ஃபேப்ரிக்கேட்னு நாலாம் லெவல் ஸ்பெல் ஒண்ணு இருக்கு, கச்சாப் பொருள் நீங்க குடுக்கணும், பத்து நிமிஷத்துல செஞ்சு முடிக்கும், அது நிரந்தரம். ஆனா கவசம், ஆயுதம் மாதிரி நுணுக்கமான வேலைக்கு அந்தத் தொழில் கருவில ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சி) வேணும். பணம் சம்பாதிக்கணும்னா அத எடுங்க, எனக்கு அது பட்டறை வேல மாதிரி இருந்துச்சு.

2024 புக்ல விசார்டுக்கு கன்ஜுரர்னு சப்கிளாஸே (உட்பிரிவே) இல்ல, அப்ஜுரர், டிவைனர், எவோக்கர், இல்யூஷனிஸ்ட் நாலு தான், அதனால தான் நான் மாற மாட்டேங்குறேன். கிரியேஷனுக்கு எந்தப் பொருள் பண்றோமோ அதுல ஒரு துணுக்கு வேணும், காம்பொனன்ட் வைக்குற பவுச் இருந்தாலே போதும்னு டிஎம் சொல்லிட்டான், ஆனாலும் கேரக்டர் ஷீட்ல ஒண்ணொண்ணா எழுதி வச்சிருக்கேன்: மரச்சீவல், சணல் நூல், பட்டு இழை, கருங்கல் சில்லு, தங்கத் தூள். வைரத் தூள்னு எழுதியிருந்தத மட்டும் அடிச்சிட்டேன்.