பூச்சி மாத்திரையா, மலப் பரிசோதனையா?

கோத்தகிரியில் நாய் வளர்ப்பவர்கள் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை போட்டுவிடுபவர்கள் ஒரு பக்கம். மலத்தைச் சோதித்து, புழு இருந்தால் மட்டும் மருந்து கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் இப்போது இரண்டாவது கட்சி.

மாத்திரையின் சௌகரியம் தெரிந்ததுதான். பைரன்டெல், பிராசிக்வான்டெல், ஃபெபான்டெல் மூன்றும் சேர்ந்தது என்றால் கொக்கிப்புழு, நாடாப்புழு, சாட்டைப்புழு எல்லாவற்றுக்கும் கேட்கும். குட்டிகளுக்குப் பரிசோதனை வரை காத்திருக்கவே கூடாது. மலத்தில் முட்டை தெரியும் முன்பே கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துவிடும்.

வளர்ந்த நாய்க்குக் கணக்கு வேறு. எங்கள் நாய்க்கு ஈறு வெளுத்தபோதுதான் அது புரிந்தது. கொக்கிப்புழுவாலும் ஈறு வெளுக்கும், உண்ணி பரப்பும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியாலும் வெளுக்கும், எதிர்ப்புச் சக்தியே சொந்தச் சிவப்பணுக்களை அழிக்கும் நோயிலும் வெளுக்கும். கடைசி நோய்க்கு பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுதான் முக்கிய மருந்து. ஆனால் புழு கடித்த புண்ணிலிருந்து ஏற்கெனவே ரத்தம் கசியும் குடலுக்கு ஸ்டீராய்டு ஆகாது. அதனால் டாக்டர் முதலில் மலத்தைத்தான் கேட்டார்.

'போன மாதம்தான் மாத்திரை போட்டோம்' என்ற பதில் அங்கே செல்லாது. எடைக்குச் சரியாகப் போட்டோமா, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டதா, யாருக்குத் தெரியும்? எல்லாம் சரியாக இருந்தாலும், வடகிழக்குப் பருவமழையில் தேயிலைச் செடிக்கு அடியில் மண் காய்வதே இல்லை. கொக்கிப்புழுவின் இளம்புழு தோல் வழியாகவே உள்ளே ஏறும்; இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டை.

டாக்டர் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், சில சொட்டு உப்புநீர் விட்டு மெல்ல ஆட்டினார். சிவப்பணுக்கள் திட்டுத்திட்டாகத் திரண்டால் எதிர்ப்புச் சக்தி நோயின் சந்தேகம் வலுக்கும். திரளவில்லை. ரத்தத்தைத் தகட்டில் மெல்லியதாகப் பூசிப் பார்த்ததில் பபேசியாவும் தென்படவில்லை. மலத்தில் கொக்கிப்புழு முட்டை நிறைய. ஸ்டீராய்டு இல்லாமலே தப்பித்தோம்.

பரிசோதனையிலும் ஓட்டை உண்டு. சாட்டைப்புழு முட்டை தினமும் வெளிவராது, நாடாப்புழுவும் பல சமயம் கண்ணில் படாது. அதனால் ஒரே ஒரு 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை. குட்டி வளர்த்த அனுபவம் எனக்குக் குறைவு. மேலே சொன்னது டாக்டர் சொல்லித் தெரிந்தது. காலையில் போன மலத்தை மூடியுள்ள டப்பாவில் எடுத்து அன்றைக்கே ஊட்டிக்குக் கொண்டுபோகிறேன். பஸ் கிடைக்காத மழை நாள் என்றால் ஃபிரிட்ஜில்தான். வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக் கதை.